படம் சாட்சி சொல்லும். சாட்சிக்குப் பின்னால் நிற்பது யார்?

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நடந்த ஊழியர் கூட்டங்களில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று கேமரா இல்லாத ஆள் இல்லை. விழுப்புரம் ஜங்ஷனில் மூட்டை தூக்குபவரின் சட்டைப் பையில் இருக்கிறது. திண்டிவனம் பஸ் நிலையத்தில் பூ விற்கும் அம்மாவின் மடியிலும் இருக்கிறது. கேமராக்கள் பெருகிய அளவுக்கு அநீதி குறைந்திருக்கிறதா? இல்லையே! ஏன் குறையவில்லை? இந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

"ஒரு நல்ல ஆவணப்படம் வந்தால் போதும், சமுதாயம் விழித்துக்கொள்ளும்" என்று சிலர் சொல்கிறார்கள். "படம் பிடித்து என்ன ஆகப் போகிறது?" என்று வேறு சிலர் சலித்துக்கொள்கிறார்கள். இரண்டு பேச்சும் அரைகுறையானவை. படம் ஒரு சாட்சி. சாட்சி தானாக நடந்து நீதிமன்றத்துக்குப் போகாது. யாராவது அழைத்துப் போக வேண்டும். கடைசி வரை அதன் பக்கத்தில் நிற்க வேண்டும்.

உருவப்படம் கூடுமா, கூடாதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஹஜ் விண்ணப்பத்துக்கும் ஆதார் அட்டைக்கும் நாம் எல்லோரும் படம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். நான் பேசுவது அலங்காரத்துக்கு மாட்டும் படத்தைப் பற்றி அல்ல. சாட்சியாக நிற்கும் படத்தைப் பற்றி. சாட்சியத்துக்கு மார்க்கம் வைத்திருக்கும் ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். கண்டதை மறைக்கக் கூடாது. காணாததைக் கண்டதாகச் சொல்லக் கூடாது. சாட்சிக்குத் தீங்கு செய்யக் கூடாது. இந்த மூன்றையும் கேமராவுக்குப் பொருத்திப் பாருங்கள். பாதி விடை கிடைத்துவிடும்.

இருந்த படங்கள் என்ன ஆயின?

நம் நெஞ்சை விட்டு நீங்காத ஒரு நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறேன். 1992 டிசம்பர் 6 அன்று பாபர் மஸ்ஜித் இடிக்கப்பட்டது. அதற்கு முதல் நாள், டிசம்பர் 5 அன்று, கயிறு கட்டிப் பாறையை இழுத்து இடிப்புக்கு ஒத்திகை பார்த்தார்கள். அதைப் பத்திரிகைப் புகைப்படக்காரர் பிரவீன் ஜெயின் படம் பிடித்தார். மறுநாள் அயோத்தியில் செய்தியாளர்கள் தாக்கப்பட்டார்கள், கேமராக்கள் உடைக்கப்பட்டன. இடிப்பவர்களுக்கே தெரிந்திருக்கிறது, கேமரா ஒரு சாட்சி என்று!

அதற்கு முன்பே ஆனந்த் பட்வர்தன் 'ராம் கே நாம்' என்ற ஆவணப்படத்தை எடுத்து முடித்திருந்தார். அங்கே நீதிமன்றம் நியமித்திருந்த பூசாரி லால்தாஸ் அந்தப் படத்தில் துணிந்து பேசுகிறார். இந்த இயக்கம் பக்திக்காக அல்ல, அரசியலுக்காக நடக்கிறது என்பது அவர் வாக்குமூலத்தின் சாரம். 1993 நவம்பரில் அவர் கொல்லப்பட்டார். அந்தப் படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. தூர்தர்ஷனோ ஒளிபரப்ப மறுத்தது. நீதிமன்றம் வரை போராடித்தான் ஒளிபரப்பு கிடைத்தது.

படங்கள் இருந்தன. வீடியோக்கள் இருந்தன. பிரவீன் ஜெயின் நீதிமன்றத்தில் வந்து சாட்சியும் சொன்னார். 2020 செப்டம்பர் 30 அன்று லக்னோ சிபிஐ சிறப்பு நீதிமன்றம் 32 பேரையும் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பின் மீது நமக்கு விமர்சனம் உண்டு. ஆனால் அதில் சொல்லப்பட்ட சில காரணங்களைக் கூர்ந்து கவனியுங்கள். புகைப்படங்களின் நெகட்டிவ்கள் தாக்கல் செய்யப்படவில்லை. வீடியோ கேசட்டுகள் முத்திரையிட்டு வைக்கப்படவில்லை. பதிவுகள் தெளிவாக இல்லை.

உலகமே பார்த்த ஒரு செயலுக்கு "சாட்சியம் போதாது" என்று எழுத முடிந்ததென்றால், நம் ஊர்க் கபரஸ்தான் சுவரை இடிப்பவனுக்கு அது எவ்வளவு எளிது!

இன்று நெகட்டிவ் கிடையாது. அதற்குப் பதிலாக மூலப் பதிவு இருக்கிறது. அது எடுத்த செல்போனில் இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, இடம் போதவில்லை என்று மூலத்தை அழித்துவிடுகிறோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கும்போது அதற்கான சான்றிதழையும் கேட்கிறது. எந்தக் கருவியில் எடுத்தது, அது யார் பொறுப்பில் இருந்தது என்று சொல்ல ஆள் வேண்டும். பத்துப் பேர் கை மாறி வந்த வாட்ஸ்அப் படத்துக்கு யார் சான்று தருவது?

ஒரு செல்போன் செய்த வேலை

பதிவைக் காப்பாற்றினால் என்ன நடக்கும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் போலீஸ் காவலில் வதைக்கப்பட்டு இறந்தார்கள். அவர்கள் தகராறு செய்ததாக முதல் தகவல் அறிக்கை சொன்னது. கடைத் தெருவில் இருந்த ஒரு சிசிடிவியின் பதிவு வேறு விதமாகச் சொன்னது. காவல் நிலையத்து சிசிடிவியோ, அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அதைத் தம் அறிக்கையில் எழுதினார். ஒரு கேமரா உண்மையைக் காத்தது. இன்னொரு கேமரா உண்மையை விழுங்கியது. கருவி ஒன்றுதான். யார் கையில் இருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்தார். அவரைப் போலீசார் அடிப்பதை ஒருவர் மறைவாக நின்று செல்போனில் பதிவு செய்திருந்தார். அந்தப் பதிவு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை முன்பு போனது. போலீசார் கைது செய்யப்பட்டார்கள். வழக்கு சிபிஐக்குச் சென்றது. படம் பிடித்தவர் உயிருக்குப் பாதுகாப்புக் கேட்க வேண்டி வந்தது என்பதையும் மறந்துவிடாதீர்கள். பதிவு செய்தவரைத் தனியே விட்டால் அடுத்த முறை எவரும் செல்போனை எடுக்க மாட்டார்கள். அவருக்குப் பின்னால் நிற்பது ஊரின் கடமை, ஜமாஅத்தின் கடமை.

படத்தோடு என்னென்ன வேண்டும்?

அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஊர் ஊராகப் போய், பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சிறுவர்களைப் படம் எடுத்தார். முதலாளிகள் உள்ளே விட மாட்டார்கள். வேறு வேலையாக வந்தவர் போல நுழைவார். படம் மட்டுமா எடுத்தார்? இல்லை! ஒவ்வொரு பிள்ளையின் பெயர், வயது, வேலை நேரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். தம் கோட்டுப் பொத்தான்களின் உயரத்தை முன்பே அளந்து வைத்திருந்தார். பிள்ளை பக்கத்தில் நின்றால் எத்தனையாவது பொத்தான் வரை வருகிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்கிடுவார். "இது பொய்ப் படம்" என்று முதலாளி சொன்னால் பதில் கையில் இருந்தது.

1916இல் ஒரு சட்டம் வந்தது. 1918இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 1938இல்தான் நிலையான சட்டம் வந்தது. கணக்குப் போடுங்கள்: 30 ஆண்டுகள்! நாமோ வெள்ளிக்கிழமை படம் போட்டுவிட்டு, திங்கட்கிழமை "ஒன்றும் நடக்கவில்லையே" என்கிறோம்.

தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். தமிழர்கள் பெருமளவில் வாழ்ந்த கோலார் தங்கவயலில் பிறந்தவர் பெஜவாடா வில்சன். அவருடைய குடும்பமே மலம் அள்ளும் வேலையில் தள்ளப்பட்டிருந்தது. 1990களில் அங்கிருந்த உலர் கழிப்பிடங்களையும் மலம் அள்ளுவோரையும் அவர் படம் பிடித்தார். நிர்வாகத்துக்கும் அரசுக்கும் கடிதம் மேல் கடிதம் எழுதினார். பத்திரிகையில் செய்தி வந்தது. நாடாளுமன்றம் வரை பேச்சு போனது. தங்கவயல் நிர்வாகம் அந்தக் கழிப்பிடங்களை மாற்ற வேண்டியதாயிற்று. தொழிலாளர்களுக்கு வேறு வேலை தர வேண்டியதாயிற்று. படம், கடிதம், கணக்கெடுப்பு, அமைப்பு ஆகிய நான்கும் சேர்ந்ததால் விளைந்த பலன் இது.

அவருடைய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 2014 மார்ச் 27 அன்று வந்த தீர்ப்பு, சாக்கடையில் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2023 அக்டோபர் 20 அன்று வேறொரு வழக்கில் அத்தொகை 30 லட்சமாக உயர்த்தப்பட்டது.

தமிழிலும் சாட்சிகள் உண்டு. 2003இல் மதுரையில் தெருவில் மலம் அள்ளிய மாரியம்மாளின் வேலையை அமுதன் ஆர்.பி. படமாக்கினார். 2017இல் திவ்ய பாரதி 'கக்கூஸ்' எடுத்தார். தமிழகத்தின் பல ஊர்களில் மலக்குழிக்குள் இறங்குவோரும், இறந்தவர்களின் மனைவிமாரும் அதில் பேசுகிறார்கள். சில இடங்களில் திரையிடக் காவல்துறை அனுமதி மறுத்தது. படம் யூடியூபுக்குப் போனது. இயக்குநர் மீது வழக்குகள் பாய்ந்தன. சாட்சி பேசினால் யாருக்கு வலிக்கிறது என்று பாருங்கள்!

தடுத்தால் என்ன செய்வது? குஜராத் 2002 கலவரத்தைப் பற்றி ராகேஷ் சர்மா எடுத்த 'ஃபைனல் சொல்யூஷன்' படத்துக்கு 2004இல் தணிக்கைக் குழு அனுமதி மறுத்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஐந்து பிரதி எடுத்து மற்றவர்களுக்குத் தருவதாக வாக்களிப்பவருக்குப் படத்தை இலவசமாகக் கொடுத்தார். கைக்குக் கை படம் பரவியது. அதே ஆண்டு அக்டோபரில் தணிக்கைக் குழு அனுமதி கொடுத்தது. பார்த்தவர் ஒவ்வொருவரும் ஐந்து பேருக்குப் பொறுப்பு! இயக்கம் நடத்துகிற நமக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

நம் மண் சொல்லும் பாடம்

1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாக்கண்ணு என்ற ஏழைத் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்டார். குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். கையில் ஒரு புகைப்படமும் இல்லை. அவருடைய மனைவி பார்வதி ஓயவில்லை. வழக்கறிஞராக இருந்த சந்துரு ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். 2006இல் காவலர்களுக்குத் தண்டனை கிடைத்தது. 'ஜெய் பீம்' படம் 2021 நவம்பரில்தான் வந்தது. அதாவது 28 ஆண்டுகள் கழித்து!

அந்தப் படம் பாதிக்கப்பட்டவரை இருளராகக் காட்டியது. அதன் மூலம் இருளர்களின் துயரம் நாடெங்கும் பேசப்பட்டது, உதவிகளும் வந்தன. நல்லதுதான். ஆனால் கதைப்படம் வேறு, சாட்சியம் வேறு. கதைப்படம் பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம். சாட்சியம் அப்படிச் செய்ய முடியாது. படம் வருவதற்கு முன்னால் 28 ஆண்டுகள் யார் உழைத்தார்கள் என்பதைக் கேட்காமல் கைதட்டிவிட்டு எழுந்து போவது முறையல்ல.

இதே திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியாகப் பல ஆண்டுகள் இருளர்களின் வழக்குகளைச் சுமந்தார். மனு எழுதுவது, சாதிச் சான்றிதழுக்கு அலைவது, காவல் நிலையத்தில் நிற்பது என்று கைதட்டல் கிடைக்காத வேலைகள் அவை. அவற்றின் மேல்தான் எந்தப் படமும் நிற்க முடியும்.

1978 ஜூலையில் விழுப்புரத்தில் தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அந்த நாட்களின் ஒரு படத்தையாவது எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? பதிவு செய்து பாதுகாக்காத கொடுமையைப் பக்கத்துத் தெருக்காரனே மறந்துவிடுகிறான்.

படத்தில் இருப்பவர் ஒரு மனிதர்

2002 மார்ச் 1 அன்று அகமதாபாத்தில் கை கூப்பி, கண்ணீரோடு உயிருக்கு மன்றாடிய குத்புதீன் அன்சாரியின் முகத்தை யாரால் மறக்க முடியும்? ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா எடுத்த படம் அது. உலகம் குஜராத்தைத் திரும்பிப் பார்த்ததற்கு அந்த முகம் ஒரு காரணம்.

ஆனால் அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் ஒரு தையல்காரர். போன இடமெல்லாம் அடையாளம் காணப்பட்டார். வேலை போனது. மாலேகானுக்குப் போனார், மேற்கு வங்க அரசின் அழைப்பில் கொல்கத்தாவுக்குப் போனார், பிறகு அகமதாபாத்துக்கே திரும்பினார். கட்சிகள் அவரைக் கேட்காமலே அவர் படத்தைச் சுவரொட்டியில் போட்டன. தம்மை நிம்மதியாக வாழவிடும்படி அவர் கேட்டுக்கொண்டார். அவருக்காக அழுதவர்களில் எத்தனை பேர் அவரிடம் அனுமதி கேட்டார்கள்?

அதே கலவரத்தில், கையை உயர்த்தி ஆவேசமாக நிற்கும் இளைஞராகப் படத்தில் பதிந்தவர் அசோக் மோச்சி என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளி. 2014இல் கேரளாவில் இருவரும் ஒரே மேடையில் அமர்ந்தார்கள். 2019இல் அசோக் செருப்புக் கடை தொடங்கியபோது திறந்துவைத்தவர் குத்புதீன்! கேமரா அவர்களை ஒரு நொடியில் நிறுத்தியிருந்தது. மனிதர்களோ அந்த நொடியைத் தாண்டி நடந்தார்கள்.

இப்போது நம் பக்கம் வருவோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை நம் மாவட்டத்தையே மூழ்கடித்தது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. எல்லா அமைப்புகளும் உதவின. அல்லாஹ் கூலி தருவான். ஆனால் பொதுவாக நிவாரணப் படங்களை உற்றுப் பாருங்கள். ஒரு அரிசிப் பையை ஆறு பேர் பிடித்திருப்பார்கள். கொடுப்பவர்கள் கேமராவைப் பார்ப்பார்கள். வாங்கும் தாய் தரையைப் பார்ப்பாள். அது எதற்குச் சாட்சி? ஏரிக்கரை ஏன் உடைந்தது, வாய்க்காலை யார் அடைத்தது என்று அந்தப் படம் சொல்கிறதா? அவளுடைய வெட்கத்துக்கு மட்டும்தான் அது சாட்சி! அடைபட்ட வாய்க்காலைப் படம் எடுங்கள். அவளுடைய முகத்தை விட்டுவிடுங்கள்.

பொய்ச் சாட்சியும் படமாகத்தான் வருகிறது

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாகச் சில வீடியோக்கள் வடநாட்டில் பரவின. வேறு சம்பவங்களின் வீடியோக்கள் அவை. பீதியில் தொழிலாளர்கள் ரயில் ஏறினார்கள். பரப்பியவர்கள் மீது வழக்கு வந்தது. பொய்ப் படங்களால் அதிகம் அடிபடும் சமுதாயம் நாம். அப்படிப்பட்ட நாமே பழைய படத்தைப் புதுச் செய்தியாக அனுப்பலாமா? நமக்குச் சாதகமான பொய்யும் பொய்தான். எங்கே, எப்போது, யார் எடுத்தது என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரியாத படம் உங்கள் செல்போனோடு நிற்கட்டும்.

நாம் செய்ய வேண்டியவை

பேச்சோடு நின்றால் இந்தக் கூட்டமும் ஒரு படக்காட்சிதான். ஆகவே ஒவ்வொரு மஹல்லாவும் இவற்றைச் செய்யட்டும்:

ஒன்று: பொறுப்பான இரண்டு பேரை, இயன்றால் ஒரு சகோதரியையும் ஒரு சகோதரரையும், தேர்ந்தெடுங்கள். நிக்காஹ் வீடியோ எடுக்கத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் ஏராளம். கபரஸ்தான் எல்லை, வக்ஃபு நிலம், தெருச் சாக்கடை, பள்ளிக்கூடக் கழிப்பறை ஆகியவற்றைப் பிரச்சினை வருவதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். ஆக்கிரமித்த பிறகு எடுக்கும் படம் பாதிச் சாட்சிதான்.

இரண்டு: மூலப் பதிவை அழிக்காதீர்கள். தேதி, இடம், எடுத்தவர் பெயர், பார்த்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். பிரதியை இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள்.

மூன்று: படத்தில் வருபவரிடம் கேளுங்கள். ரைஸ் மில்லிலோ செங்கல் சூளையிலோ முன்பணத்துக்காக அடைபட்ட குடும்பமானால் முகத்தைப் பரப்பாதீர்கள். பதிவைச் சார் ஆட்சியரிடம் கொண்டுபோங்கள். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி விடுதலைச் சான்று கிடைப்பதுதான் நோக்கம். லைக் கிடைப்பது அல்ல. அந்தக் குடும்பம் எந்தச் சமூகம் என்று பார்க்காதீர்கள்.

நான்கு: மாதம் ஒரு முறை நல்ல ஆவணப்படம் ஒன்றைத் திரையிடுங்கள். பெண்களை அழையுங்கள், பக்கத்துக் காலனி மக்களையும் இருளர் குடியிருப்பு மக்களையும் அழையுங்கள். படம் முடிந்ததும் கலையாமல் அங்கேயே ஒரு மனு எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தை மறுபடி படம் எடுங்கள். இரண்டு படத்தையும் அருகருகே வைத்தால் அதிகாரியும் நழுவ முடியாது. நாமும் நழுவ முடியாது.

கேமராவை நம் பக்கமும் திருப்புங்கள்

கடைசியாக ஒன்று. நீதிக்குச் சாட்சி சொல்வது நமக்கு எதிராக இருந்தாலும் சொல்ல வேண்டியதுதான். இது நாம் மிம்பரில் கேட்டு வளர்ந்த பாடம்.

முதலில் 'கக்கூஸ்' படத்தையே திரையிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன் முத்தவல்லியும் நிர்வாகிகளும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். நம் பள்ளிவாசல், மதரஸா, திருமண மண்டபம் ஆகியவற்றின் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்வது யார்? லாரி மட்டும் வருகிறதா, அல்லது ஒரு மனிதர் உள்ளே இறங்குகிறாரா? 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாப்பில்லாமல் ஒருவரை உள்ளே இறக்குவது குற்றம். முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இருக்கட்டும். ஐந்து வேளை ஒளுச் செய்து சுத்தமாக நிற்கும் நம்முடைய சுத்தத்துக்காக இன்னொருவர் விஷவாயுவில் சாகலாமா?

"எங்கள் எந்தக் கட்டடத்திலும் மனிதரை மலக்குழியில் இறக்க மாட்டோம்" என்று ஜமாஅத் நோட்டில் தீர்மானம் எழுதுங்கள். கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அதன் பிறகு திரையைக் கட்டுங்கள்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் எந்தப் பள்ளிவாசல் முதலில் ஒட்டுகிறது என்று பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.